மங்கில் தண்ணீர், மரத்தில் தழும்பு

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் காரில் போனால் அப்பா சில இடங்களில் வண்டியை நிறுத்தச் சொல்வார். சாலையோரத்தில் அழிக்காமல் மிஞ்சிப்போன பழைய ரப்பர் மரங்கள் நாலைந்து நிற்கும். இறங்கிப் போய் ஒரு மரத்தின் பட்டையை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். "இவன் அவசரக்காரன். பெரட்டுக்கு லேட்டா வந்து, ஓடி ஓடி வெட்டியிருக்கான்." பெரட்டு என்றால் வேலைக்கு முன் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவது. அடுத்த மரம். "இது பொம்பளக் கை. எவ்வளவு அளவா இருக்கு பாரு." ஆண் கையா, பெண் கையா என்பதை நான் நம்புவதில்லை. அது அவருக்குத் தன் அம்மாமேல் உள்ள பாசம். அவசரத்தை மட்டும் நம்புவேன், அதற்கு மரத்தில் ஆதாரம் இருக்கிறது.

ரப்பர் மரத்தில் பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டைக்குள் இருக்கின்றன. உள்ளே போகப் போக அவை நெருக்கம். ஆகவே ஆழமாக வெட்டினால் பால் கூடும். ஆனால் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில், புதுப் பட்டையை உண்டாக்குகிற மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. அதைத் தொடாமல், ஒரு மில்லிமீட்டரோ சற்றுக் கூடவோ பட்டையை மிச்சம் வைத்துக் கத்தி நிற்க வேண்டும். இதைப் பகல் வெளிச்சத்தில் நிதானமாகச் செய்ய வழியில்லை. வெயில் ஏறி இலைகள் நீரை வெளிவிடத் தொடங்கினால் மரத்துக்குள் அழுத்தம் இறங்கிவிடும், பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் விடியாத இருட்டில், தலையில் கட்டிய விளக்கை நம்பி, ஒரு காலையில் சுமார் 500 மரம். கை தவறி அந்த அடுக்கில் பட்டால் மரம் அந்தக் காயத்தை முண்டு முண்டாகக் கட்டை வளர்த்துத்தான் ஆற்றும். வெட்டியவர் ஓய்வுபெற்று, செத்தும் போயிருப்பார். முண்டு அப்படியே இருக்கும்.

மரத்தைச் சாகடிக்காமல் அதே வெட்டுக்கோட்டைத் திரும்பத் திரும்பச் சீவிப் பால் எடுக்கலாம் என்று காட்டியவர் ஹென்றி ரிட்லி. 1888-ல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்று வந்தவர். எங்களுக்குப் பக்கத்திலேயே கோலகங்சாரில், 1877-ல் நட்ட கன்றுகளில் ஒன்று கிழமரமாக இன்னும் நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அப்பா அங்கேயும் பட்டையைத்தான் பார்த்தார்.

மரத்தில் இன்னொரு கணக்கும் ஓடும். ஒரு வெட்டுக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை போகும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு என்றால் மாதத்துக்கு 15 வெட்டு, இரண்டேகால் சென்டிமீட்டர். இந்தக் கணக்குத் தெரிந்த தண்டல், அதாவது வேலையை மேற்பார்வை பார்ப்பவர், மாதத் தொடக்கத்தில் பட்டையில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார். மாதக் கடைசியில் வெட்டு அந்தப் புள்ளியிலிருந்து எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று பார்த்தாலே போதும். நாலு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் யாரோ தடிமனாகச் சீவித் தள்ளுகிறார் என்று அர்த்தம். சீவின பட்டை மறுபடி வளர்ந்து வெட்டுக்குத் தயாராகப் பல வருடம் ஆகும். தோட்டத்துக்குப் பட்டைதான் முதல். முதலைத் தின்கிற ஆளைக் கண்டுபிடிக்க ஒரு புள்ளி பெயிண்ட் செலவு.

சின்ன அடையாளத்தை வைத்து மறைந்திருப்பதைக் கண்டுபிடிப்பது என்றால் எனக்குத் துப்பறிகிறவர்கள் நினைவுக்கு வருவதில்லை. ரப்பர் பாலை அளந்து வாங்குகிற பால் ஸ்டோர்தான் நினைவுக்கு வரும். தோட்டத்தில் எல்லோரும் எல்லோரையும் இப்படித்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். மேலே இருப்பவர் படித்தால் அதற்குப் பெயர் கணக்கு. கீழே இருப்பவர் படித்தால் அதற்குப் பெயர் வதந்தி.

பால் ஸ்டோரை எடுத்துக்கொள்வோம். வெட்டி முடித்து, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் வடிந்த பாலைச் சேர்த்து, காண்டா வாளியில் தூக்கி வந்து வரிசையில் நிற்பார்கள். அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். ஒரு வாளிப் பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியாது. இயல்பான பாலில் உலர்ந்த ரப்பர் 30 முதல் 40 சதவீதம் வரை இருக்கும், மற்றதில் பெரும்பகுதி தண்ணீர்தான். அப்படியிருக்க, ஏற்கெனவே வெள்ளையாக இருக்கிற பாலில் கால் வாளி ஓடைத் தண்ணீரை ஊற்றினால் யாருக்குத் தெரியும்?

மெட்ரோலேக்குக்குத் தெரியும். பால்காரர்கள் பாலில் மிதக்கவிடும் கருவி மாதிரி ஒன்று. வேலை செய்யும் விதம் எளிது. ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. ஆகவே ரப்பர் நிறைய உள்ள பால் தண்ணீரைவிடச் சற்று இலேசு, கருவி அதில் ஆழமாக இறங்கும். தண்ணீர் கூடக் கூடப் பாலின் அடர்த்தி தண்ணீரை நெருங்கும், கருவி மேலே எழும்பும். கெட்டிப் பாலில் கருவி சிக்கிக்கொண்டு நகராது என்பதால், கணக்கெழுதுகிற கிராணி ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, வந்த எண்ணை மூன்றால் பெருக்குவார். தண்ணீர் ஊற்றினார்களா என்று பார்க்கத் தண்ணீர் ஊற்றுவது. வரிசையில் நிற்கிறவர்களுக்கு இது நல்ல வேடிக்கை.

ஊற்றியவர்களும் இருந்தார்கள். அதை மறைப்பதில் பெருமை ஒன்றும் இல்லை. கள்ளன் பெரியவனா காப்பான் பெரியவனா என்கிற ஆட்டம் பால் ஸ்டோரிலும் நடந்தது, சின்னத் தோட்டக்காரர்கள் உறைந்த கட்டிப்பால் விற்கும் கடையிலும் நடந்தது. கட்டிப்பாலுக்குள் மண்ணும் கல்லும் மரச்சீவலும் ஒளிந்திருக்கும் என்று கடைக்காரருக்குத் தெரியும், அதனால் கத்தியால் பிளந்து பார்ப்பார். பிளந்தால் தெரிந்துவிடும், விவகாரம் அத்தோடு முடிந்தது. பால் விவகாரம் அப்படி முடியாது.

என் பெரியம்மாவுக்கு நடந்தது இது. எழுபதுகளின் பின்பாதி, ஊர் பேர் வேண்டாம். ஒரு வாரமாக அவரது எண் இறங்கிக்கொண்டே வந்தது. கிராணி கருவியைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், "தண்ணியா?" என்று ஒரே சொல். அந்த மாதம் கூடுதல் காசு பிடித்தமானது. பெரியம்மா தண்ணீர் ஊற்றவில்லை என்று சாகும்வரை சொன்னார். நான் நம்புகிறேன். அதற்கு அவர்மேல் உள்ள பாசம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அதற்கு முந்தைய வாரம் அவரே தன் கையால் மரங்களுக்குத் தூண்டு மருந்து பூசியிருந்தார், தோட்டம் கொடுத்த மருந்து.

எத்தெபோன் என்கிற அந்த மருந்து எழுபதுகளில் பரவியது. வெட்டிய இடத்தில் பால் உறைந்து குழாயை அடைப்பதைத் தள்ளிப்போடும். பால் நெடுநேரம் வடியும். நெடுநேரம் வடியும்போது சுற்றியுள்ள திசுக்களிலிருந்து தண்ணீர் குழாய்களுக்குள் ஏறும். விளைவு: வாளி நிறையும், பால் நீர்க்கும். அடிக்கடி வெட்டினாலும் இதேதான். மழைத்துளி மங்கில் விழுந்தாலும் இதேதான். இதற்குமேல் மர ரகத்துக்கு ரகம் கெட்டி மாறும். இத்தனை வழிகளில் வரக்கூடிய ஓர் எண்ணுக்குக் கிராணி ஒரே ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்தார்.

இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. வாளியில் ரப்பர் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அதற்கு மெட்ரோலேக் சுமாராகவும், கொஞ்சம் பாலை உறையவைத்து உலர்த்தி நிறுத்துப் பார்ப்பது துல்லியமாகவும் பதில் சொல்லும். ரப்பருக்குத்தான் காசு என்றால் அந்தப் பதிலே போதும், குறைந்த ரப்பருக்குக் குறைந்த காசு. தண்ணீரை யார் சேர்த்தது என்பது வேறு கேள்வி. அதற்கு அந்தக் கண்ணாடிக் குழலிடம் பதிலே கிடையாது. மரம் சேர்த்த தண்ணீரும் ஓடைத் தண்ணீரும் அதற்கு ஒன்றுதான். "தண்ணியா?" என்று கேட்ட நேரத்தில் கிராணி அளவைவிட்டு ஆளுக்குத் தாவிவிட்டார். பக்கத்து நிரைகளில் அதே வாரம் மருந்து பூசியவர்களின் எண் என்ன ஆயிற்று என்று நோட்டைப் புரட்டிப் பார்த்திருந்தால் போதும். நோட்டு அவர் கைக்குக் கீழேதான் இருந்தது.

அடையாளம் ஒன்று கிடைத்தால் இதே அடையாளம் வேறு எதனால் வரும் என்று கேட்டுவிட வேண்டும். இதை எனக்குச் சரியாகப் புரியவைத்தது எண்ணெய் எடுக்கிற இன்றைய செம்பனைக் காடு. 1917-ல் சிலாங்கூரில் தென்னமாரம் தோட்டத்தில் வணிகத்துக்காகச் செம்பனை நட்டதில் தொடங்கி, இப்போது எங்கள் பக்கம் திரும்பிய இடமெல்லாம் அதுதான். ஒரு செம்பனையின் கீழ்மட்டைகள் ஆரஞ்சு நிறமாக மாறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். மெக்னீசியம் குறைவா, வெறுமனே கிழட்டு மட்டையா? மேல்மட்டையின் நிழல் விழுந்த ஓலைப் பகுதியைப் பார்க்கச் சொல்வார்கள். வெயில் படுகிற இடம் ஆரஞ்சு, நிழலில் இருந்த இடம் மட்டும் பச்சை என்றால் மெக்னீசியம். மூப்பு நிழல், வெயில் பார்க்காது. என்ன அழகான சோதனை பாருங்கள், செலவே இல்லை.

எல்லா அடையாளமும் இவ்வளவு தாராளமானவை அல்ல. கானோடெர்மா என்கிற பூஞ்சை செம்பனையின் அடித்தண்டை உள்ளிருந்து அரிக்கும். அடிமரத்தில் பலகை மாதிரிக் காளான் வெளியே வந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் காளான் வரும்போது உள்ளே பாதிக்குமேல் அழுகியிருக்கும், காப்பாற்ற ஒன்றும் மிஞ்சாது. அதற்கு முன்னால் வருகிற அடையாளம் குருத்துகள் விரியாமல் இரண்டு மூன்றாக நிமிர்ந்து நிற்பது. அதுவோ வறட்சியிலும் வரும். சீக்கிரம் வருகிற அடையாளம் சந்தேகத்துக்கு இடமானது, சந்தேகத்துக்கு இடமில்லாதது தாமதமாக வருகிறது. நடுவில் மனுஷன் தன் அனுபவத்தை வைத்து ஊகிக்க வேண்டியதுதான்.

குலை வெட்டுகிறவர்களை மேற்பார்வை பார்க்கிற என் மச்சான் சொன்ன இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. பழுத்த குலையிலிருந்து பழங்கள் தானாக உதிரும். உதிர்ந்த இடம் குலையில் புதுக் குழியாகத் தெரியும். ஆலையில் தரம் பிரிக்கிறவர் அந்தக் குழிகளை எண்ணுவார். 10 குழியாவது இருந்தால் பழுத்த குலை, ஒன்றுமே இல்லாமல் கறுத்திருந்தால் காய். தரையில் உதிர்ந்ததையும் பொறுக்கிச் சாக்கில் போட வேண்டும், எண்ணெய் அதில்தான் நிறைய. குனிந்து பொறுக்குவது முதுகை ஒடிக்கிற வேலை, எனவே சிலர் அதை மட்டைக்கு அடியில் தள்ளி மூடிவிடுவார்கள். அன்றைக்கு யாருக்கும் தெரியாது. சில மாதம் கழித்து மரத்தைச் சுற்றிச் செம்பனைக் கன்று வட்டமாக முளைத்து நிற்கும். "கன்ன பாத்தா போதும் மாப்ள, அந்த ரவுண்டுல யாரு பொறுக்கலன்னு பழைய நோட்டுல இருக்கு" என்கிறார் மச்சான். குலை வெட்டுகிறவர்கள் இப்போது பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் நாங்கள் இருந்த இடத்தில் அவர்கள். நோட்டு மட்டும் அதே நோட்டு.

சரி, மேலிருந்து கீழே படித்தது இவ்வளவு. கீழிருந்து மேலே?

தோட்டம் கைமாறப் போகிறது என்பதைத் துரை கடைசியில்தான் சொல்வார். லயத்து ஆட்கள் அதற்கு வெகுமுன்பே சொல்லிவிடுவார்கள். முதல் அடையாளம் வெட்டுதான். 25, 30 வருடம் ஆன மரத்தை அழிக்கப் போகிற கடைசி ஓரிரு வருடத்தில், இனிப் பட்டையைச் சேமித்து என்ன பயன் என்று, கண்ட இடத்தில் வெட்டச் சொல்வார்கள். இரண்டு பக்கமும் வெட்டு, ஏணி வைத்து மேலே வெட்டு, தாராளமாக மருந்து. தண்டலின் பெயிண்ட் புள்ளி நின்றுவிடும். மாதாமாதம் பட்டையை அளந்த ஆள் திடீரென்று அளக்காமல் போனால் அது பெரிய செய்தி. அப்புறம் உரம் வருவது நிற்கும், களை உயரும், லயத்துக் கூரை ஒழுகினால் தகரம் கேட்டு வாங்க முடியாது.

ஆனால் இந்த அடையாளமும் இரட்டை நாக்கு உடையது. பழைய மரத்தை அழித்துப் புது மரம் நடுகிற தோட்டமும் இப்படித்தான் வெட்டும். மறுநடவு என்றால் வேலை தொடரும். விற்பனை என்றால் லயத்தைக் காலிசெய்ய வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க என் பாட்டி வைத்திருந்த சோதனை, மெக்னீசியச் சோதனைக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை: நாற்றுப் பை வந்திருக்கா? மறுபடி நடப்போகிறவன் வருடத்துக்கு முன்பே கறுப்புப் பைகளில் மண் நிரப்பிக் கன்று வளர்க்கத் தொடங்க வேண்டும். ஓடைப் பக்கம் பந்தல் போட்டிருந்தால் பிழைத்தோம். பந்தலும் இல்லை, ஏணி வெட்டும் நடக்கிறது என்றால் டவுனில் வாடகை வீடு விசாரிக்கலாம்.

பெரட்டில் இதை யாராவது வாய்விட்டுக் கேட்டால் "வதந்தியக் கெளப்பாத" என்று பதில் வரும். சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விட்டுப்போன தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டபோது, இந்த வதந்திகள் எத்தனையோ குடும்பங்கள் விஷயத்தில் பலித்தன. தோட்டத் துண்டாடலைத் தடுக்கத் தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்கலாம் என்று 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. தொடங்கிய துன் வீ.தி. சம்பந்தன் எங்கள் சுங்கை சிப்புட்காரர். பால் வெட்டுகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய பங்குப் பணத்தில் சங்கம் முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம். லயத்துத் திண்ணையில் வதந்தியாகப் பேசப்பட்டதை ஒருவர் தகவலாக எடுத்துக்கொண்டதால் நடந்தது என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

நாங்கள் எப்போதும் சரியாகப் படித்தோம் என்று இல்லை. டவுனுக்குக் குடிவந்த பிறகு பக்கத்து வீட்டு அக்கா கழுத்தில் தாலிக்கொடி போய் மஞ்சள் கயிறு வந்தது. பள்ளி திறக்கும் மாதம். அடகுக் கடையில் கூட்டம் நெரிகிற மாதம். தெருவே முடிவு கட்டிவிட்டது. அம்மாகூட ஒரு கிண்ணம் குழம்பைத் தூக்கிக்கொண்டு போனார், பச்சாதாபத்தோடு. அக்கா குழம்பை வாங்கி வைத்துவிட்டு, பாசாரில் மோட்டார் சைக்கிள்காரன் ஒருத்தன் யாரோ ஒரு அம்மாவின் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனதைப் பார்த்த நாளிலிருந்து கொடியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டதாகச் சொன்னார். அம்மா திரும்பி வந்து ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. கிராணி செய்ததும் அம்மா செய்ததும் ஒரே தப்புதான். அம்மாவின் தப்பில் ஒரு கிண்ணம் குழம்புதான் செலவு.

போன மாதம் அப்பாவோடு மறுபடி அந்தச் சாலையில் போனேன். ரப்பர் போய்ச் செம்பனையாகி, அந்தச் செம்பனையும் இப்போது கிழடாகிவிட்ட இடம். வெட்டாத குலைகள் மரத்திலேயே காய்ந்து தொங்கின. வெட்டாமல் விட்ட மட்டைகள் பாவாடை மாதிரி சரிந்திருந்தன. நிறுத்தச் சொன்னார்.

"நாத்துப் பை எங்கயாச்சும் பாத்தியா?"

"இல்லப்பா. இப்பல்லாம் கன்ன வெளியிலேர்ந்து லாரியில எறக்கிருவாங்க."

"அதும் சரிதான்." கைத்தடியால் சாலையோர லாலாங் புல்லை விலக்கினார். தலையில் சிவப்புப் பெயிண்ட் அடித்த மரக்குச்சி ஒன்று ஊன்றியிருந்தது. பெயிண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"ரோட்ட அகலமாக்கறதுக்கா இருக்கும்பா."

"இருக்கலாம். ரோட்டுக்குன்னா குச்சி ரோட்ட ஒட்டியே போவும். நீ முன்னால போய்ப் பாரு."

இரண்டாவது குச்சி சாலையை ஒட்டித்தான் இருந்தது. மூன்றாவதைத் தேடிச் சாலையோரமாகவே வெகுதூரம் நடந்துவிட்டுத் திரும்பினேன். அப்பா அதற்குள் மரங்களுக்கு நடுவே இருபதடி உள்ளே போய், ஒரு மட்டையைத் தடியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதன் கீழே பார்த்தபடி நின்றிருந்தார்.